சட்டைப் பை இல்லாத கல்

ஆணின் சட்டைப் பை இடது மார்பில் இருக்க வேண்டும். பெண்ணின் மாராப்பு இடது தோளில் கிடக்க வேண்டும். அரியலூரில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில் இந்த இரண்டையும் வைத்துத்தான் ஒரு படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்போம். நெகட்டிவுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று பளபளப்பாக இருக்கும். மற்றது மங்கலாக இருக்கும், அதை மருந்துப் பக்கம் என்போம். படத்தைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் என்லார்ஜரில் வைக்கும்போது மருந்துப் பக்கம் கீழே காகிதத்தைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் படம் வரத்தான் செய்யும், ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாணப் படத்தை நான் அப்படி மாற்றிவிட்டேன். முதலாளி அதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார்.

"பாருங்க, நம்ம ஆண்டிமடத்துப் பொண்ணை ஒரே நாள்ல வடநாட்டுப் பொண்ணா ஆக்கிட்டான். மாராப்பு எந்தத் தோள்ல கிடக்குது பாருங்க. ஏன்ப்பா, உள்ள இருட்டுல ஒக்காந்து இந்தி படிக்கிறியா?"

அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு என்னிடம் அந்தத் தப்பு நடக்கவில்லை. பையைப் பார்ப்பேன், மாராப்பைப் பார்ப்பேன், பிறகுதான் காகிதத்தை எடுப்பேன்.

நான் பத்தாவதோடு நின்றவன். ஆட்களிடம் பேசுவது எனக்கு அன்றும் வரவில்லை, இன்றும் வராது. கடையின் முன்பக்கம் நின்றால் யாரையாவது பார்த்து 'கொஞ்சம் சிரிங்க' என்று சொல்ல வேண்டியிருக்கும். இருட்டறையில் அந்தத் தொல்லை இல்லை. சிவப்பு விளக்கு, மூன்று தட்டுகள், தண்ணீர்த் தொட்டி, சுவரில் ஒரு கடிகாரம். அம்மா இறந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அதன் பிறகு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். சிமெண்டு லாரிகள் போகும்போது ஜன்னல் கம்பிகள் அதிரும். காலையில் கடைக்குப் போவேன், மாலையில் திரும்புவேன். அறையைத் திறக்கும்போது 'வந்துட்டியா' என்று கேட்க யாரும் இல்லை என்பது முதல் ஒரு வருடம் உறுத்தியது. பிறகு கதவைத் திறக்கும் சத்தமே எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றாறாம் வருடம், மாசி மாதம், கடைக்கு ஒரு அம்மா வந்தார். திருச்சியில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய சிற்பங்களையும் ஓவியங்களையும் பற்றி எழுதுகிறவர் என்று முதலாளி சொன்னார். தா.பழூர் பக்கத்தில் ஒரு சிவன் கோயிலில் படம் எடுக்க வேண்டும் என்று முதலாளியை ஒரு நாள் முழுக்க அழைத்துப் போனார். மறுநாள் முதலாளி முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"குத்துக்கால் போட்டு ஒக்கார வச்சே கொன்னுட்டாங்கப்பா. சாமியை எடுக்கச் சொல்லல, கோபுரத்தை எடுக்கச் சொல்லல. சுவத்துக்கு அடியில உள்ளங்கை அகலத்துக்கு வரிசையா பொம்மை. நாய் காலைத் தூக்குற உயரத்துல இருக்குது. அதைப் போயி அந்தம்மா படுத்துக்கிட்டுப் பாக்குறாங்க."

கருவறைச் சுவரின் அடியில், முழங்கால் உயரத்தில், சுற்றிலும் ஒரு வரிசையாகச் செதுக்கிய சின்னச் சின்னக் கட்டங்கள் அவை. ஒரு கட்டத்தில் யானை, ஒரு கட்டத்தில் மத்தளக்காரன், ஒரு கட்டத்தில் மல்லுக்கட்டும் இரண்டு பேர். இரண்டு ரோல் நிறையப் படங்கள். நான் கழுவி, வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். அதாவது, சரிசெய்தேன்.

எங்கள் கடையில் அது ஒரு வழக்கம். அம்மைத் தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழே கருப்பு எல்லாவற்றையும் நெகட்டிவிலேயே கூர்மையான பென்சிலால் மறைத்துவிடுவோம். பெண் பார்க்கக் கொடுத்தனுப்பும் படங்களில் பாதி அழகு என் பென்சிலுடையது. கல்லையும் அப்படித்தான் பார்த்தேன். ஒரு கட்டத்தில் ஒரு பெண் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடம்பு நேராக இருக்க, முகம் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. மூக்கு நுனி சிதைந்திருந்தது. கன்னத்தில் ஒரு விரிசல். அரை நாள் உட்கார்ந்து மூக்கைச் செய்து கொடுத்தேன். விரிசலை மூடினேன்.

படங்களை வாங்க வந்த அன்று, முன்பக்கம் அந்த அம்மாவின் குரல் இருட்டறை வரைக்கும் கேட்டது.

"இதை யார் பண்ணது?"

"நம்ம ஆளுதாங்க மேடம்" என்றார் முதலாளி பெருமையாக. "கை சுத்தம். ஒரு பொட்டு இல்லாம எடுத்துட்டான் பாருங்க."

"அதைத்தான் கேக்கறேன். இவளுக்கு இருந்த காயமெல்லாம் எங்க போச்சு?"

என்னைக் கூப்பிட்டார்கள். வெளிச்சத்துக்குக் கண் கூச, கையில் மருந்து வாசனையோடு வந்து நின்றேன். வெளுத்த நூல் புடவை, தோளில் துணிப்பை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு லென்ஸ். அறுபது வயது இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏங்க, இவளுக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா?"

முதலாளி சத்தமாகச் சிரித்தார். தரையைப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும், குரல் இறங்கியது.

"என்ன இருக்கோ அதை மட்டும் எடுத்துக் குடுங்க. இல்லாததைக் கதையில சேத்துக்கலாம். படத்துல சேக்கக் கூடாது. சரிங்களா?"

"சரிங்க" என்றேன். அன்று நான் அவரிடம் பேசியது அந்த ஒரு சொல்தான்.

பென்சிலை அழிப்பது போடுவதைவிடக் கடினம். பஞ்சை ஈரமாக்கி, மருந்துப் பக்கத்தில் அழுத்தாமல் துடைத்து, காய வைத்து, திரும்பத் துடைக்க வேண்டும். தூணைப் பிடித்து நிற்கும் பெண்ணின் மேல்தான் என் பென்சில் அதிகம் விளையாடியிருந்தது. அதனால் அந்த ஒரு நெகட்டிவை மட்டும் ரோலில் இருந்து தனியாக வெட்டி எடுத்தேன். ஈரம் பட்டு அது சுருண்டுகொண்டது. கண்ணாடிக்கு அடியில் வைத்து நிமிர்த்தினேன். இரண்டு முறை கரண்ட் போய் வந்தது. கடைசியில் என்லார்ஜரில் வைத்தேன். அந்த நிமிடம் எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது.

இரண்டாம் முறை வந்தபோது அந்த அம்மா ஒவ்வொரு படத்தையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, "இப்ப சரி" என்றார். போகும்போது தன் கட்டுரைகள் வந்திருந்த இரண்டு சிறு பத்திரிகைகளை எனக்கென்று முதலாளியிடம் வைத்துவிட்டுப் போனார்.

அவற்றை என் அறையில் படித்தேன். முதலில் பாதி புரியவில்லை. ஆனால் கடினமான சொற்கள் அதிகம் இல்லை, அதனால் திரும்பப் படிக்க முடிந்தது. நாம் ஒரு சிலையைப் பார்ப்பதற்கு முன்பே அதன் பெயரைப் பார்த்துவிடுகிறோம், பெயர் தெரிந்ததும் கண் வேலையை நிறுத்திவிடுகிறது என்று எழுதியிருந்தார். முதலில் மனதில் தோன்றும் எண்ணம் களைத்துப் போகும்வரை ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு தெரிவதுதான் நாமே பார்த்தது என்றார். கதை சொல்கிறவனும் சிற்பியும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள், இரண்டு பேரும் காட்டாமல் விடுவதில்தான் திறமை இருக்கிறது என்றும் ஓரிடத்தில் இருந்தது.

அந்த வாரம் முழுக்க நான் தட்டில் மிதக்கும் காகிதங்களை வேறு மாதிரிப் பார்த்தேன். பத்து வருடங்களுக்கு மேலாகச் செய்த வேலை. அதில் ஒன்றைக் கவனித்து ஒரு கடிதம் எழுதினேன். மருந்துத் தட்டில் வெள்ளைக் காகிதத்தைப் போட்டதும் முதலில் வருவது தலைமுடியும் கண்மணியும், பிறகு உடுப்பு, கடைசியில்தான் தோல். அதனால் கொஞ்ச நேரத்துக்கு முகமே இல்லாமல் இரண்டு கண்கள் மட்டும் நம்மைப் பார்க்கும். அந்த நேரத்தில் யார் யாருடைய சாதிசனம் என்று சொல்ல முடியாது. இவ்வளவுதான் எழுதினேன். நான்கு முறை நகல் எடுத்துத்தான் தபாலில் போட்டேன்.

பதில் ஒரு அஞ்சலட்டையில் வந்தது. கண் மட்டும் தெரிகிற இதை இதுவரை எங்கும் படித்ததில்லை, இன்னும் இருந்தால் எழுதுங்கள் என்று இரண்டு வரி. கடை முகவரிக்கு என் பெயர் போட்டு வந்த முதல் தபால் அது. முதலாளி படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்.

"கண்ணு மட்டும் தெரியுதாமே. என்னப்பா, பேய்க் கதையா எழுதிப் போட்ட?"

அதிலிருந்து ஏழு வருடம் எழுதிக்கொண்டோம். அடிக்கடி இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று. அவர் வேறு ஊர்களில் எடுத்த ரோல்களை எனக்கே அனுப்பினார். நான் பிரிண்ட் போட்டு, கூடவே ஒரு பக்கம் எழுதி வைப்பேன். என் வாழ்க்கையைப் பற்றி எதுவும் எழுதியதில்லை. மழைக்காலத்தில் காகிதம் எப்படி வளைகிறது, சாயங்காலம் ஜன்னல் வழியாக எதிர்வீட்டுச் சுவரில் விழும் வெயில் எப்படி மேலே ஏறிப் போகிறது, இப்படித்தான். அவரும் தன்னைப் பற்றிச் சொன்னதில்லை. ஆனால் ஏதாவது ஒன்றைப் பார்த்தால், இதை எழுதலாம் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாக இருப்பவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது வருடம் அவருடைய கட்டுரை ஒன்று வந்தது. தூணைப் பிடித்து நிற்கும் பெண்ணைப் பற்றி. நடுப்பக்கத்தில் நான் போட்ட பிரிண்ட்.

கட்டுரையின் விஷயம் இதுதான். கோயிலை நாம் வலமாகச் சுற்றுகிறோம். சுவர் நம் வலது கைப் பக்கம் இருக்கும். நின்று சுவரைப் பார்த்தால், நாம் போக வேண்டிய வழி இடது பக்கம். அந்த வரிசையில் யானை, மத்தளக்காரன், மல்லர்கள் எல்லோரும் இடது பக்கம் பார்க்கிறார்கள், அதாவது நம்மோடு சேர்ந்து முன்னால் பார்க்கிறார்கள். இந்தப் பெண் ஒருத்தி மட்டும் வலது பக்கம் முகத்தைத் திருப்பி, வந்த வழியைப் பார்க்கிறாள். பின்னால் தங்கிப்போன யாரையோ எதிர்பார்க்கிறாள். ஒவ்வொரு முறை ஒருவர் சுற்றி வரும்போதும் அது அவரோ என்று பார்க்கிறாள். ஊர்வலத்தைச் செதுக்கச் சொன்ன இடத்தில், யாரும் குனிந்து பார்க்காத உயரத்தில், அந்தச் சிற்பி ஒரு கதையை ஒளித்து வைத்திருக்கிறான் என்று அந்த அம்மா எழுதியிருந்தார்.

எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல முடியாது. அந்த வரிசைக்கு அன்றே கூடுதலாக ஒரு செட் பிரிண்ட் போட்டு வைத்திருந்தேன். அதில் அவளுடையதை எடுத்து, அறையில் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தேன். சட்டை எடுக்கத் திறந்தால் அவள் இருப்பாள். வருகிறவனைப் பார்த்துக்கொண்டு.

இவ்வளவுக்கும் நான் அந்தக் கோயிலுக்குப் போனதில்லை. பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம்தான். ஆனால் தட்டில் அவள் முகம் மேலெழுந்து வருவதைப் பார்த்தவன் நான், இதைவிடக் கிட்டத்தில் போய் என்ன பார்க்கப் போகிறேன் என்று இருந்துவிட்டேன்.

இரண்டாயிரத்து மூன்றில் முதலாளியின் மச்சினர் வீட்டில், தா.பழூரில், ஒரு காதுகுத்து. சாப்பிட்டு முடித்ததும் சொந்தக்காரர்கள் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாத நேரம் வந்துவிட்டது. மெதுவாக எழுந்து கோயிலுக்கு நடந்தேன்.

பூசாரி நடையைத் திறந்து வைத்துவிட்டு, சாவிக் கொத்தோடு தூண் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து வரிசையைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். யானை. மத்தளக்காரன். அடுத்தது அவள்தான்.

அவள் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் இது வேறு ஒருத்தி என்று நினைத்தேன். அப்படியே சுற்றினேன். தெற்கு, மேற்கு, வடக்கு. தூணைப் பிடித்து நிற்பவள் வேறு யாரும் இல்லை. இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் அவள் முன்னால் உட்கார்ந்தேன். அதே சிதைந்த மூக்கு. நான் மூடித் திறந்த அதே விரிசல், ஆனால் அடுத்த கன்னத்தில். மற்ற எல்லோரையும்போல அவளும் முன்னால்தான் பார்த்தாள். பின்னால் வருகிறவனுக்கு அவளுடைய கொண்டைதான் தெரியும்.

கல்லுக்குச் சட்டைப் பை இல்லை. மாராப்பு இல்லை. அங்கேயே அது எனக்குப் புரிந்துவிட்டது.

"என்ன சார் தொலைச்சிட்டீங்க?" என்றார் பூசாரி.

"ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லாததையா மூணு சுத்து தேடுனீங்க?"

அறைக்குத் திரும்பியதும் அந்த வரிசைப் படங்களை எல்லாம் பாயில் பரப்பினேன். முதலாளி அவற்றைக் காலை வெயிலில் எடுத்திருந்தார். யானையின் நிழல் இடது பக்கம் விழுந்திருந்தது. மத்தளக்காரனின் நிழலும் அப்படியே. மல்லர்களின் நிழலும். அவள் ஒருத்தியின் நிழல் மட்டும் வலது பக்கம். ஏழு வருடமாக அது அந்தப் படத்தில் இருந்திருக்கிறது. பார்ப்பதைப் பற்றி எழுதியவரும் பார்க்கவில்லை, பார்த்துப் பார்த்து எழுதியவனும் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அவள் யாருக்காகவோ காத்திருப்பது தேவையாக இருந்தது.

உடனே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எழுதினால் அந்தக் கட்டுரை போய்விடும். அதோடு அஞ்சலட்டைகளும் நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு கைத்தப்பால் ஒருவருடைய எழுத்தைக் கெடுத்தவனுக்கு அவர் எதற்கு இனி எழுதப் போகிறார்? என் கடிதங்கள் குறைந்தன. வேலை அதிகம் என்று எழுதினேன். உண்மையில் வேலை குறைந்திருந்தது. கடைக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. இருட்டறையில் பாதியை முதலாளி ஃப்ரேம் அடுக்க எடுத்துக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து அவரிடமிருந்து ஒரு உறைக் கடிதம் வந்தது. கட்டுரைகள் புத்தகமாக வருகின்றன, அந்தப் பெண்ணைப் பற்றிய கட்டுரைதான் முதலாவது, அட்டையிலும் அவள்தான், அதே நெகட்டிவில் இருந்து பெரிதாக ஒரு பிரிண்ட் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

சொல்லத் தைரியம் இல்லாதவன் செய்வதை நான் செய்தேன். நெகட்டிவைச் சரியாக வைத்து, கல்லில் இருப்பதுபோலவே பிரிண்ட் போட்டு, ஒரு வார்த்தையும் எழுதாமல் அனுப்பினேன். பார்த்தால் அவருக்கே தெரிந்துவிடும் என்று நம்பினேன்.

ஒரு வாரத்தில் அட்டை வந்தது. இந்த முறை நெகட்டிவைத் திருப்பி வைத்துவிட்டீர்கள், உங்களிடம் இப்படி நடக்காதே, உடம்பு சரியில்லையா, மெதுவாகவே இன்னொன்று அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். உடம்பு சரியில்லையா என்று என்னை யாரும் கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அந்த அட்டையை வைத்துக்கொண்டு கடையில் வெகுநேரம் நின்றேன். முதலாளி கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டார்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அந்தம்மா கேட்டபடியே திருப்பிப் போட்டு அனுப்பு. யாரு அங்க போயி படுத்துக்கிட்டுப் பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனேண்ணே."

"நீயும் அந்தம்மாவும் தவிர அதைப் பாக்க நாட்டுல எவன் இருக்கான்?"

அவர் சொன்னது சரிதான். அதனால்தான் கஷ்டமாக இருந்தது. மருந்துப் பக்கத்தை மேலே வைத்து, இந்த முறை தெரிந்தே, ஒரு பிரிண்ட் போட்டேன். அவள் தட்டில் எழுந்து வந்தாள், வலது பக்கம் பார்த்தபடி. நன்றாகவே வந்தாள். காய வைத்து, உறையில் போட்டு, முகவரியும் எழுதினேன். தபால் ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன். மறுநாள் லீவு சொல்லிவிட்டு, நெகட்டிவையும் வரிசைப் படங்களையும் அந்த உறையையும் எடுத்துக்கொண்டு திருச்சிக்கு ரயில் ஏறினேன்.

கதவைத் திறந்தவர் முதலில் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கடை பெயரைச் சொன்னதும் முகம் மாறியது.

"நீங்களா? எழுத்தைப் பாத்து ஒல்லியா, குட்டையா இருப்பீங்கன்னு நினைச்சுட்டு இருந்தேன். உள்ள வாங்க."

"ஒரு தடவை பாத்திருக்கீங்க, அம்மா. மாப்பிள்ளை பாக்கறீங்களான்னு கேட்டீங்க."

அவருக்கு அது ஞாபகம் இல்லை. முழங்கால் வலியோடு மெதுவாக நடந்து காப்பி கொண்டுவந்து வைத்தார். வீட்டில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. மேசையில் ஒரே ஒரு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. நான் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சுக்குப் பதிலாக, படங்களை வரிசையாக மேசையில் அடுக்கினேன். யானை, மத்தளக்காரன், அவள், மல்லர்கள். பக்கத்தில் நெகட்டிவை வைத்தேன்.

அவர் லென்ஸை எடுத்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார். காப்பி ஆறி ஆடை படிந்தது.

"வெயில்" என்றார் கடைசியில்.

"ஆமாங்க."

"அங்க போனீங்களா?"

"போனேங்க. மூணு சுத்து சுத்திப் பாத்தேன். நெகட்டிவை நான்தான் மாத்தி வச்சுட்டேன். பென்சிலை அழிச்சப்போ."

"எத்தனை நாளா தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

லென்ஸைக் கீழே வைத்தார். "அதான் லெட்டர் கொறஞ்சுதா? என் எழுத்து உங்களுக்கு அலுத்துப் போச்சுன்னு நினைச்சேன்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. இல்லைங்க, இல்லைங்க என்று இரண்டு முறை சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்துப் பேசினார், என்னிடம் இல்லாததுபோல.

"நானும்தான் அன்னிக்கு அங்க இருந்தேன். பூசாரி சாவியை ஆட்டிட்டே நின்னார். நல்ல வெயில். படம் இருக்கே, வூட்டுக்குப் போய் நிதானமா பாத்துக்கலாம்னு வந்துட்டேன். நின்னு பாருங்க, நின்னு பாருங்கன்னு ஊருக்கெல்லாம் எழுதினேன். நான் ஒக்காந்து படத்தைப் பாத்திருக்கேன்."

"யாருக்கும் தெரியாதுங்கம்மா" என்றேன். முதலாளியின் பேச்சு என் வாயில் வந்தது எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. "அந்தக் கட்டுரை ரொம்ப நல்லா இருக்குதுங்க. நான் அதை..." அலமாரிக் கதவைப் பற்றிச் சொல்ல வந்து, சொல்லவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. அதான் வருத்தம். சிற்பி செஞ்சான்னு எழுதியிருக்கேன். அவன் செய்யலை. அவன் பாட்டுக்கு எல்லாரையும் முன்னால பாக்க வச்சுட்டுப் போயிட்டான்."

"கதைன்னு போட்டுடலாமுங்களா?"

அவர் சிரித்தார். கடையில் கேட்ட அதே கேலி அதில் இருந்தது, கொஞ்சம் களைப்போடு. "எனக்குக் கதை எழுத வராதுங்க. கல்லு முன்னால நின்னாத்தான் ஒரு வரி ஓடும். கதைன்னா அது நீங்க பண்ணது, இருட்டுல. வேணும்னா நீங்க எழுதுங்க."

மேசை இழுப்பறையில் இருந்து புத்தகத்தின் பக்கங்களை எடுத்தார். பொருளடக்கத்தில் முதல் வரியை ஒரு கோடு போட்டு அடித்தார். கோடு நேராக விழுந்தது. பிறகு, இதைச் சொல்ல வந்தவருக்கு முன்னுரையில் நன்றி சொல்ல வேண்டும், உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார்.

"பேர் வேண்டாமுங்க, அம்மா."

"ஏன்?"

"தப்பு பண்ணதும் நான்தானுங்களே."

அவர் வற்புறுத்தவில்லை. வாசல் வரை வர முழங்கால் விடவில்லை. நாற்காலியில் இருந்தபடியே "பாத்துப் போயிட்டு வாங்க" என்றார். உறையில் இருந்த, முதலாளி சொன்னபடி திருப்பிப் போட்ட பிரிண்டை நான் அவரிடம் காட்டவே இல்லை.

மறு வருடம் புத்தகம் தபாலில் வந்தது. அட்டையில் யானை இருந்தது. முன்னுரையின் கடைசியில், அரியலூரில் இருந்து வந்து ஒரு பிழையைக் காட்டிக்கொடுத்த நண்பருக்கு என்று ஒரு வரி. முதலாளி அதைப் படித்துவிட்டு, "பேரைப் போடாம என்ன நன்றி? யாருன்னு எவனுக்குத் தெரியும்?" என்றார். எனக்கு 'நண்பர்' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றியது. நன்றி சொல்லிக் கடிதம் எழுதினேன். பதிலாக ஓர் அட்டை வந்தது. கண் ஆபரேஷன் நடக்க இருக்கிறது, கொஞ்ச நாள் எழுத முடியாது என்று இருந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. நான் இரண்டு கடிதம் போட்டேன். மூன்றாவதை எழுதி வைத்திருக்கிறேன். கோபம் இருக்கும் என்று நினைக்கவில்லை. என்னவென்று போய்ப் பார்த்திருக்கலாம். ரயில் அதே ரயில்தான். போகவில்லை.

பதிலாகக் கோயிலுக்குப் போனேன். ஒரு வேலை நாள், காலை நேரம். பூசாரி இல்லை. பெரிய துடைப்பத்தோடு ஒரு அம்மா பிராகாரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தேன். பிறகு சுவர் என் இடது கைப் பக்கம் இருக்கும்படி, யாரும் சுற்றாத திசையில், குனிந்து நடக்க ஆரம்பித்தேன்.

வழியில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. இப்படி எதிர்த்திசையில் வந்தால், முன்னால் பார்க்கிற அவள் என்னைத்தான் பார்க்க வேண்டும். அலமாரிக் கதவில் பார்ப்பதுபோல. கட்டுரையில் இருந்தது ஒரு திசையிலாவது நடந்துவிடும். நான் யோசிக்காதது ஒன்று இருந்தது. அவள் மட்டும் இல்லை. முதலில் மல்லர்கள் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு அவள். அவளுக்குப் பின்னால் மத்தளக்காரன், யானை, யானைமேல் இருந்தவன், அதற்கு அப்பால் நான் பிரிண்ட் போடாதவர்கள், வரிசை முழுவதும், அத்தனை பேரும் நான் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவருக்கும் முதுகு இல்லை. கல்யாண வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டதுபோல எனக்குக் கூச்சமாகிவிட்டது. நிமிர்ந்துவிட்டேன்.

"அந்தப் பக்கமா சுத்தாதீங்க சார்" என்றார் கூட்டிக்கொண்டிருந்த அம்மா, துடைப்பத்தை ஊன்றியபடி. "வூட்டுக்கு ஆகாது."

"சரிங்க."

"வூட்ல எத்தினி பேரு?"

"நான் மட்டும்தாங்க."

"அப்ப உங்களுக்குத்தான் ஆகாது" என்று சொல்லிவிட்டு மறுபடி கூட்ட ஆரம்பித்தார்.

நான் திரும்பவில்லை. மீதி இருந்த சுவரையும் அப்படியே, அவர்கள் பார்க்கப் பார்க்க, நடந்து முடித்தேன்.